எர்த்

மாலை நாலு மணியிலிருந்தே ஒரு ஹம்.
தரையோடு தரையாக ஓடியது,
காதைவிடப் பல்லுக்குத்தான் அதிகம் கேட்டது.
"எர்த் நோக்கு" என்றார் சஜீவ் சேட்டன் வாக்கிடாக்கியில்.
நோக்கினேன்.
முஹரக் கடலோரத்து ஈர மணலில்
செப்புக்கம்பி ஒன்றரை மீட்டர் இறங்கித்தான் இருந்தது.

ஐம்பதின் மடங்கு, சந்தேகமில்லை.
பதினோரு வருஷமாக இதைத் துரத்தித்தான் சம்பளம்.
கல்யாண ஹாலில், கார் ஷோரூம் திறப்பில்,
தூதரகத் தேநீர் விருந்தில்
எங்கே போனாலும் கூடவே வந்து நிற்கும் பங்காளி.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்:
நூஃபின் சின்தசைசர், இரண்டு லேப்டாப்,
மண்ஜாடிக்குள் டேப் போட்டு இறக்கிய மைக்.
மிக்சரை அணைத்தேன்.
கடைசியில் ஜெனரேட்டரையும்.
மேடை செத்துக் கிடந்தது.
ஹம் இன்னும் தெளிவாக இருந்தது.

கன்டெய்னருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால்
பாய் விரித்துப் பன்னிரண்டு பேர்,
வரிசையாகக் கழற்றிய செருப்பு, ஃபிளாஸ்கில் சாயா.
வாய் திறந்த மாதிரியே இல்லை.
முத்துக் குளிக்கப் போனவர்களின் பாட்டுக்கு அடியில் ஓடுகிற ஒலியாம்.
ராத்திரிக்குத் தொண்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஓரத்தில் இருந்தவரை எனக்குத் தெரியும்.
ஏர்போர்ட்டில் ஏழாம் கவுன்டர்.
போன வருஷம் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்.

"கிட்டியோ?"
"கிட்டி. பன்னிரண்டு பேர். சாயா குடிக்கிறார்கள்."
வாக்கிடாக்கி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஈரக்காற்று வந்தது.
அக்டோபர். சட்டை முதுகில் ஒட்டும் மாதம்.
சின்ன முரசுகளின் தோல் தொய்ந்துவிட்டது.
தட்டினால் சொத், சொத்,
நனைந்த அட்டைப்பெட்டி.
தீ மூட்டிக் காய்ச்சினால் சரியாகிவிடும்.
தீ கூடாது என்றான் மஞ்சள் அங்கி போட்ட பாதுகாப்பு அதிகாரி.
காய்ந்த ஈச்சமட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
முரசுக்காரர் ஜாஸிம் அவனைப் பார்த்தார்,
கடன் வாங்கியவனைப் பார்ப்பதுபோல்.

ஆம்ப் ரேக்கின் முதுகைக் காட்டினேன் நான்.
அங்கே நாலு விசிறி. வேலை பார்க்கும்போது
தோசைக்கல் மாதிரி அனல் வரும்.
ஆனால் சும்மா சூடாகாதே. பாட்டு வேண்டும்.

நூஃபிடம் யார் சொன்னார்களோ.
காலி மைதானத்தைப் பார்த்து,
ஒரு நாற்காலியும் நிரம்பாத ஆறரை மணிக்கு
தன் கிக்கைத் திறந்துவிட்டாள்.
கிளப்பில் அதிகாலையில் மட்டும் அவிழ்க்கிற அடி.
தும். தும். தும். தும்.
மணலில் நண்டுகள் வளைக்குள் போயின.
ரேக் சூடேறியது.
ரொட்டி திருப்புவதுபோல் ஜாஸிம் முரசைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்,
விரலால் சுண்டினார், உதட்டைப் பிதுக்கினார்.
"இன்னும்" என்று கை காட்டினார்.
அவள் பேஸை ஏற்றினாள்.
தோல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.
சொத் போய், டக் வந்து,
கடைசியில் ஒரு டங்.
கருவிகளுக்குப் பின்னாலிருந்து நூஃப்
ஒரு கத்து கத்தினாள். அரபியா, சிரிப்பா, தெரியவில்லை.

நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை.
பார்த்தது முள்ளை, டீசலை,
டெசிபல் மீட்டரோடு வந்த நகராட்சிக்காரரின் புருவத்தை.
மூவாயிரம் பேர் என்றார்கள்.
நடுவில் இரண்டு முறை ஜாஸிமின் கை
மேடைக்குப் பின்னால் நீண்டது, முரசோடு.
வாங்கி அனலில் வைத்தேன்,
தாளம் நிற்காமல் திருப்பிக் கொடுத்தேன்.
முன்னால் நிற்கிறவர்களுக்கு அது என்ன தெரியும்.

இரண்டு மணிக்குக் கேபிள் சுருட்டல்.
ஜாடிக்குள் கைவிட்டு மைக்கை எடுத்தேன்.
டேப் பசை, ஈரமண் வாசம்.
பக்கத்தில் யாருமில்லை.
வாயை அதன் வாயில் வைத்து
எவ்வளவு இறங்க முடியுமோ இறங்கினேன்.
அவர்களுடையதில் பாதி ஆழம்கூட இல்லை.

லாரியிலிருந்து தில் பகதூர் கத்தினான்,
"அண்ணே, எங்கேயோ ஹம் வருது."
"தெரியும்டா. நீ பெட்டியை ஏத்து."